டேக் ஓகே

ஜூன் 5

ரேடியோவுக்கு,

உன் அண்ணன் உனக்கு வைத்த பெயரையே எழுதுகிறேன். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் நமக்கு நடுவில் யாரோ மூன்றாவது ஆள் நிற்பதுபோல் இருக்கிறது. போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய். அதனால்தான் கடிதம்.

எங்கள் கண்ணாடிக் கடையின் பின்பக்கத்தில், லென்ஸ் தேய்க்கிற மெஷினுக்கு மேலே ஒரு டிவி மாட்டியிருக்கிறார்கள். மத்தியானத்தில் நீ குரல் கொடுக்கிற சீரியல் ஓடும். மெஷின் சத்தத்தில் வசனம் பாதிதான் காதில் விழும். ஆனாலும் உன் குரல் எனக்குத் தெரியும். நேற்று அந்தக் கதாநாயகி "நான் எங்கயும் போகமாட்டேன்" என்று சொல்கிற இடத்தில் குரல் கிழிந்தது. மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அழுகைக்காக வரவழைத்த கரகரப்பு இல்லை அது. அந்தப் பெண் சிரிக்கிற காட்சியிலும் இருந்தது.

பழசைக் கிளற நான் எழுதவில்லை. உன் அண்ணனை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு, "எங்கண்ணனத் தனியா விட்டுட்டு மூக்குக் கண்ணாடி விக்கப் போயிட்டீங்க" என்று எல்லார் முன்னாலும் என்னிடம் சொன்னாய். நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் அதற்காக எழுதவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். உங்கள் இருவருக்கும் சின்ன வயதிலிருந்து இழுப்பு உண்டு. டாக்டர் இருவருக்கும் ஒரே இன்ஹேலரைத்தான் எழுதிக்கொடுத்தார், காலையிலும் இரவிலும் விடாமல் இழுக்கச் சொல்லி. நீ இழுக்கிறாயா? இழுத்த பிறகு வாயைக் கொப்பளிக்கிறாயா?

ஒரு வரி எழுதினால் போதும்.

அண்ணி


ஜூன் 14

அண்ணிக்கு,

ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். ஒரு வரியில் முடிக்கிற ஆள் நான் இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

இழுப்பதில்லை. நிறுத்திவிட்டேன். போதுமா?

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கடை டிவிக்குக் கீழே நின்று ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பீர்கள். இந்த வருஷ ஆரம்பத்திலிருந்தே காலையில் தொண்டை கட்டிக்கொள்ள ஆரம்பித்தது. கண்ணாடியில் பார்த்தால் நாக்கிலும் அண்ணத்திலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. கொப்பளிக்கிறாயா என்று கேட்கிறீர்கள். விடிந்தும் விடியாமலும் கால்ஷீட்டுக்கு ஓடுகிறவள் இழுத்த கையோடு ஓடுவேனா, குழாயடியில் நிற்பேனா? எங்களோடு அம்மா வேஷங்களுக்குக் குரல் கொடுக்கிற ஒரு பெரியம்மா இருக்கிறார். அவர்தான் சொன்னார், "அதுல ஸ்டீராய்டு இருக்குடி, தொண்டையில போய் உக்காந்துக்கும். உனக்குக் குரல் வேணுமா பம்பு வேணுமா?"

எனக்குக் குரல் வேண்டும் அண்ணி. பெரிய படம் ஒன்று கிடைத்திருக்கிறது. கதாநாயகிக்கு யார் யாரையோ பேசவைத்துப் பார்த்துவிட்டு டைரக்டர் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். நான் இரண்டு நாள் கரகரத்தால் போதும், வராந்தாவில் வெந்நீர் பிளாஸ்க்கோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், எழுந்து உள்ளே வந்துவிடுவாள். டப்பிங் தியேட்டர் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. சுவர் முழுக்கக் கம்பளம், ஒரு ஆள் சாய்ந்து தள்ளினால்தான் திறக்கிற கதவு. உள்ளே போய் மூடிவிட்டால் உலகமே செத்துப்போன மாதிரி அமைதி. அங்கே என் குரலைத் தவிர எனக்குத் துணை கிடையாது.

நீங்கள் கேட்ட எபிசோட் நிறுத்துவதற்கு முன்னால் பேசியது. நிறுத்திய பிறகு திட்டெல்லாம் போய்விட்டது. குரல் கழுவி வைத்த டம்ளர் மாதிரி இருக்கிறது. ஒரு தொந்தரவும் இல்லை. அவசரத்துக்கு நீல இன்ஹேலர் கைப்பையில் எப்போதும் இருக்கிறது.

மூச்சைப் பற்றி எனக்கு யார் வேண்டுமானாலும் பாடம் எடுக்கட்டும். நீங்கள் மட்டும் வேண்டாம்.

ரேடியோ


ஜூன் 22

ரேடியோவுக்கு,

ஒரு தொந்தரவும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். உன் அண்ணனும் நிறுத்திய புதிதில் நன்றாகத்தான் இருந்தார்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அந்த இன்ஹேலருக்குள் இருப்பது இரண்டு மருந்தாம். ஒன்று சுருங்கிய மூச்சுக்குழாயை விரித்து, அடுத்த வேளை வரைக்கும் அப்படியே வைத்திருக்கும். மற்றது உள்ளே இருக்கிற வீக்கத்தை அடக்கும். வீக்கம் அடங்குவது நமக்குத் தெரியாது, திரும்ப ஏறுவதும் தெரியாது. நிறுத்தினாலும் கொஞ்ச காலம் பழைய மருந்தின் தயவில் ஓடும். "அதத்தான் எல்லாரும் குணமாயிடுச்சுன்னு நெனச்சுக்கறாங்க" என்றார். கரகரப்புக்கும் வெள்ளைத் திட்டுக்கும் வழி இருக்கிறதாம். இன்ஹேலரின் வாயில் மாட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் குழாய் ஒன்று விற்கிறது. அதன் வழியாக இழுத்தால் மருந்து தொண்டையில் அவ்வளவாகப் படியாது. பிறகு கொப்பளித்துத் துப்ப வேண்டும். அப்படியும் சரியாகாவிட்டால் மருந்தையோ அளவையோ அவரே மாற்றித் தருவார். உன்னை உடனே வரச் சொன்னார்.

நான் ஏன் கவனிக்கவில்லை என்று அன்றைக்கு நீ கேட்டாய். கவனித்தேன். முதலில் இரண்டாவது தலையணை வந்தது. பிறகு கட்டிலை விட்டு நாற்காலிக்குப் போனார், முதுகு வலி என்றார். நாற்காலி ஜன்னலோரம் போனது, பேப்பர் படிக்க வெளிச்சம் வேண்டுமாம். பேசிக்கொண்டே வருகிறவர் நடுவில் நிறுத்தி, ஏதோ யோசிக்கிறவர் மாதிரி சுவரைப் பார்ப்பார். மூச்சை வாங்கிக்கொண்டு மிச்சத்தைச் சொல்வார். நீல இன்ஹேலர் சட்டைப்பையில், சமையலறையில், செருப்பு வைக்கிற பலகையில் என்று வீடெங்கும் கிடந்தது. கேட்டால் உனக்கு வேறு வேலை இல்லையா என்று சிரிப்பார். அந்தக் கடைசி நாள் காலையில் நான் போட்ட செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன், இன்றைக்கு லீவு என்றேன். "நீ போ. நீ போனாத்தான் எனக்கு நிம்மதி" என்றார். அவர்தான் அனுப்பிவைத்தார்.

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். டாக்டரிடம் எப்போது வருகிறாய் என்று மட்டும் எழுது.

அண்ணி


ஜூலை 6

அண்ணிக்கு,

குழாய் விஷயம் நல்ல தகவல். படம் முடியட்டும், வாங்கிக்கொள்கிறேன்.

இந்த வருஷம் அதிசயமாக இங்கே மழை விட்டபாடில்லை. அடித்தளம் ஆனதால் தியேட்டர் சுவரில் ஓதம் ஏறி, கம்பளத்தில் கருப்புக் கருப்பாய்ப் பூத்திருக்கிறது. கதவைத் திறந்தாலே ஈரத்துணி நாற்றம். சவுண்ட் இன்ஜினியர் தங்கமான மனுஷன், எனக்காக என்று நினைத்துக்கொண்டு ரூம் ஸ்ப்ரேயை அடித்துவிட்டுப் போகிறார். ரோஜா வாசனையாம். உள்ளே நின்றால் ரோஜாவைப் புதைத்த குழிக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது. இரண்டு இருமல் இருமி முடித்துவிட்டுத்தான் மைக்குக்கு முன்னால் போகிறேன்.

வேடிக்கை ஒன்று சொல்கிறேன். நீளமான வசனங்களில் எழுத்தாளர் போடாத இடத்திலெல்லாம் நான் கமா போட்டுக்கொள்கிறேன். டைரக்டருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "மத்தவங்க வசனத்த ஒப்பிக்கறாங்க, நீங்க யோசிச்சுப் பேசறீங்க" என்கிறார். நான் பவ்யமாகத் தலையை ஆட்டினேன்.

இன்னொன்று. பக்கத்து போர்ஷன் டீச்சர் நேற்றுக் கேட்டார், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மெதுவாக விசில் அடிப்பதுபோல் கேட்கிறதே, உங்கள் வீட்டில் யார் என்று. பூனை வளர்க்கிறேன் என்று சொல்லிவைத்தேன். இனிமேல் அந்த அம்மாள் பூனைக்குப் பால் கொண்டுவந்து கொடுக்காமல் இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு எழுதுகிறேன். உடனே உங்கள் பழைய கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். இந்த வீட்டில் அங்கேதான் காற்று வருகிறது, அவ்வளவுதான்.

ரேடியோ


ஜூலை 11

ரேடியோ,

கமா, விசில், ஜன்னலோர நாற்காலி. மூன்றையும் உன் கையாலேயே எழுதிவிட்டு என்னைச் சிரிக்கச் சொல்கிறாய்.

இதோடு அந்தப் பிளாஸ்டிக் குழாயைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பழைய மருந்துச் சீட்டு உன்னிடம் இருக்கும். இன்றைக்கே இன்ஹேலரை வாங்கித் திரும்பத் தொடங்கு, டாக்டரையும் பார். நீல இன்ஹேலர் முன்னே மாதிரித் தாங்காமல் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டி வந்தால் வீட்டில் உட்காராதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. இதை டாக்டர் எழுதச் சொன்னார்.

உனக்கு இழுப்பு இருப்பது அந்தத் தியேட்டரில் யாருக்காவது தெரியுமா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காருகிற அந்த இன்ஜினியரிடமாவது சொல்லிவை.

சனிக்கிழமை நான் வருகிறேன்.

அண்ணி


ஜூலை 15

அண்ணிக்கு,

வராதீர்கள். வந்தால் கதவைத் திறக்கமாட்டேன், டீச்சர் முன்னால் அசிங்கமாகிவிடும்.

யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம். தெரிந்தால் பிளாஸ்க் பெண்ணுக்கு யோகம். பாக்கி இருப்பது ஒரே ஒரு சீன், தீப்பிடித்த கட்டடத்தில் கதாநாயகி மாட்டிக்கொள்கிற காட்சி. வசனம்கூட அதிகம் இல்லை. அதை முடித்துக் கொடுத்துவிட்டு நானே டாக்டரைப் பார்க்கிறேன். குழாய் வந்து சேர்ந்தது. பத்திரமாக இருக்கிறது.

எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். அந்த நீல மருந்து எடுத்தால் கொஞ்ச நேரம் கை நடுங்குகிறது.

ரேடியோ


ஆகஸ்ட் 3

அன்புள்ள அண்ணிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்த நாள்கள் எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கின்றன. மாஸ்குக்கு மேலே உங்கள் முகம் வரும், போகும். என் தலையைச் சீவிவிட்டீர்கள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

என்ன நடந்தது என்று நீங்களும் கேட்கவில்லை, எனக்கும் அப்போது பேச மூச்சு இல்லை. இப்போது எழுதுகிறேன்.

அந்தக் காட்சியில் அறை முழுக்கப் புகை. கதவு பூட்டியிருக்கிறது. அவள் இருமுகிறாள், மூச்சுத் திணறுகிறாள், யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிடுகிறாள். நான் இரண்டு டேக் கொடுத்தேன். டைரக்டர் ஹெட்போனில், "நல்லாருக்கு, ஆனா உசிர் போற மாதிரி இல்லையே" என்றார். மூன்றாவது டேக்குக்கு மூச்சை வேகவேகமாக இழுத்து விட்டேன். அந்த ரோஜா வாசனையும் ஓதமும் சேர்ந்து உள்ளே போயின. போன காற்று வெளியே வரவில்லை. நெஞ்சு ஊதிய பை மாதிரி நிற்கிறது, அதற்கு மேல் உள்ளே போகவும் இடம் இல்லை.

கைப்பை வெளியே வராந்தாவில் இருந்தது. ஜிப் சத்தம் மைக்கில் விழும் என்று பையை உள்ளே விடுவதில்லை. நான் கண்ணாடியைப் பார்த்துக் கையை ஆட்டினேன். திரையில் படம் தெரிவதற்காக என் பக்கம் விளக்கை அணைத்திருந்தார்கள். அவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பை என்று சொல்ல வாயைத் திறந்தேன், 'ப' கூட வரவில்லை. ஹெட்போனில் டைரக்டரின் குரல் மட்டும் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரிக் கேட்டது. "அப்படித்தான். அப்படித்தான். நிறுத்தாதீங்க."

மைக் ஸ்டாண்டோடு சேர்ந்து விழுந்தேன். அந்தச் சத்தத்தில்தான் இன்ஜினியர் ஓடிவந்திருக்கிறார். என் பையைக் கவிழ்த்துக் கொட்டி நீல இன்ஹேலரைத் தேடி எடுத்தது யார் தெரியுமா? பிளாஸ்க் பெண்.

இப்போது காலையிலும் இரவிலும் உங்கள் குழாயை மாட்டி இழுக்கிறேன். கொப்பளிக்கிறேன். டிஸ்சார்ஜ் செய்த டாக்டர் சிரிக்காமல் பேசுகிறவர், அவரிடம் சத்தியம்கூடச் செய்திருக்கிறேன்.

ஒன்றை மறைக்க மனசு வரவில்லை. நீங்கள் ஊருக்குப் போன பிறகு டைரக்டர் பார்க்க வந்தார். தயங்கித் தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்க. அந்த டேக்க வச்சுக்கிட்டோம்" என்றார். எனக்கு முதலில் உடம்பு சில்லிட்டது. அப்புறம், அண்ணி, சந்தோஷமாக இருந்தது.

ரேடியோ


ஆகஸ்ட் 12

ரேடியோவுக்கு,

உன் கடிதத்தில் கடைசி வரியைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை. ஒரு பெரியவரின் பிரேமில் இடது லென்ஸை வலதில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் பாவம், தன் கண்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு பேசாமல் போய்விட்டு மறுநாள் வந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து நான் அங்கே ஓடிவந்தபோது அந்த இன்ஜினியர் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். ஹெட்போன் இன்னும் கழுத்தில் தொங்கியது. நான் யார் என்று தெரிந்ததும், கேட்காமலே சொன்னார். "நடிக்கறாங்கன்னு நெனச்சேங்க. லெவல் சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டிருந்தேன்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். உன் மூச்சு சின்னதாகிக்கொண்டே போனதால் இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்று அவர் சத்தத்தை ஏற்றி வைத்தாராம்.

நான் திட்டவில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் அண்ணனை நான் பார்த்தபோது திட்டவோ கெஞ்சவோ அங்கே யாரும் இல்லை. நீ இருந்தாய். அதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அந்த டேக்கை அழிக்கச் சொல். அவர்கள் கேட்காவிட்டால் நான் வந்து பேசுகிறேன். அது நடிப்பு இல்லை. தியேட்டரில் யாரோ எதையோ கொறித்துக்கொண்டு அதைக் கேட்க வேண்டாம்.

அந்தச் சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை ரேடியோ. பயமாக இருக்கிறது.

அண்ணி


அக்டோபர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

ரொம்ப நாள் எழுதவில்லை. மூச்சுவிட நேரமில்லை என்று எழுத வந்தேன், உங்களுக்கு அந்தச் சொல் பிடிக்காது.

படம் வந்துவிட்டது. பத்திரிகையில் கதாநாயகி மூச்சாலேயே நடித்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறார்கள். பேர் அவளுக்குப் போகட்டும். எங்கள் வட்டாரத்தில் யார் மூச்சு என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கு இப்போது 'மூச்சுக்காரி' என்று பேர். பேய் சீரியல் ஒன்று, ஆற்றில் முங்குகிற பெண், சாகக் கிடக்கிற தாய் என்று வரிசையாகக் கூப்பிடுகிறார்கள். பேய் சீரியலுக்கு நம் இன்ஜினியர்தான் சவுண்ட். கதாநாயகிக்குக் குரல் கொடுக்க என்னைவிட இளசுகள் வந்தாயிற்று. இது எனக்கு மட்டும்தான் வருகிறது.

வருகிறது என்றால், ஒரு சிக்கல் இருக்கிறது. மருந்து ஒழுங்காகப் போனால் மூச்சு சுத்தமாகிவிடுகிறது. நான் திணறுகிற மாதிரி நடித்தால் அது நடிப்பாக இருக்கிறது. அந்தச் சீரியல் டைரக்டர் உதட்டைப் பிதுக்குகிறார். "அந்த ஒண்ணு வரலையே" என்கிறார். எந்த ஒன்று என்று எனக்குத் தெரியும்.

அதனால் ரெக்கார்டிங் இருக்கிற வாரங்களில் மட்டும் நிறுத்திக்கொள்கிறேன். பதறாதீர்கள். முன்னே மாதிரி முட்டாள்தனமாக இல்லை. நீல இன்ஹேலரை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். ஓரத்துக்குப் போனதும் எனக்குத் தெரிகிறது, அங்கே நின்றுகொண்டு பேசிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். இந்த மாதக் கடைசியில் ஒரு பெரிய எபிசோட் இருக்கிறது. அது முடிந்ததும் ஒழுங்காக இழுப்பேன்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்று தெரியவில்லை. சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

ரேடியோ


அக்டோபர் 18

ரேடியோவுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் அந்தப் படத்துக்குப் போனேன். துணைக்கு எங்கள் கடை கேஷியரைக் கூட்டிக்கொண்டேன். அந்த இடம் வந்ததும் தியேட்டரே கப்சிப் என்று ஆனது. பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு நல்லாப் பண்ணியிருக்கா பாருங்க" என்றாள். திரையில் அந்தப் பெண் அழகாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் நீதான் தெரிந்தாய். மிச்சப் படம் பார்க்கவில்லை.

இதற்கு மேல் உனக்குப் புத்தி சொல்லி எழுதப்போவதில்லை. எழுதிப் பார்த்தாயிற்று. உனக்குத் தெரியாமல் நேற்று உன் ஊருக்கு வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. அந்த இன்ஜினியரைப் போய்ப் பார்த்தேன். மடியில் என்ன வைத்திருக்கிறாய் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எதை நிறுத்தியிருக்கிறாய் என்று தெரிந்திருக்கவில்லை. உன் கடிதத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

ஆம், கொடுத்தேன். என்னை நம்பி எழுதியதைத்தான் கொடுத்தேன்.

படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "இழுக்காம வந்தாங்கன்னா மைக்க ஆன் பண்ணமாட்டேன். என் வேலை போனாலும் சரி" என்றார். உன் மருந்தின் பெயரையும் என் போன் நம்பரையும் எழுதி வாங்கிக்கொண்டார்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். உன் அண்ணன் விஷயத்தில் நான் அவர் சொல்லைக் கேட்டு வேலைக்குப் போனேன். உன் சொல்லைக் கேட்க என்னால் முடியாது.

அண்ணி


டிசம்பர் 2

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்துப் பல தடவை கிழித்துவிட்டேன். உங்கள் மேல் எனக்கு இருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் போன கடிதத்தை, திட்டித்தான் எழுதியிருப்பீர்கள் என்று, பிரிக்காமலே வைத்திருந்தேன்; ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தேன். அந்த எபிசோட் அன்றைக்கு நான் இழுக்காமல்தான் போனேன். அதற்கு முந்தின வாரமும் இல்லை. உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன், ஒரு சத்தமும் இல்லை. பார்த்தால் இன்ஜினியர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறார். புது இன்ஹேலரும் ஒரு குழாயும் கொண்டுவந்து ஸ்கிரிப்ட் வைக்கிற பலகை மேல் வைத்தார். "நிறுத்தியிருக்கீங்கன்னு தெரியும்மா. இன்னிக்கு ரெக்கார்டிங் இல்ல. முதல்ல டாக்டர்கிட்ட போவோம்" என்றார். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, எனக்குப் புரிந்துவிட்டது.

நான் கத்தினேன். அவரை, உங்களை, பிளாஸ்க் பெண்ணை, யார் யாரையோ. கதவைத் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தும் கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே அடைத்துக்கொண்டது. ஓரம் தெரியும் என்று உங்களுக்கு எழுதினேன் அல்லவா? தெரியவில்லை. நீல மருந்தை அடித்தேன், தொண்டை வாசலிலேயே நின்றுவிட்டது. உதடு நீலமாகிவிட்டது என்று யாரோ சொன்னது கேட்டது. அவர் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கவில்லை. தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனார்.

மிச்சமெல்லாம் நீங்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்ததுதான். நான் பார்க்காத பகுதி அது. வாய் வழியாக ஒரு குழாயை இறக்கி மூச்சு மெஷினில் போட்டிருந்தார்களாம். அவசரத்தில் இறக்கியதும், அது பல நாள் தொண்டையிலேயே இருந்ததும் சேர்ந்து குரல் நாண்களைக் கெடுத்துவிட்டன. இதைத்தான் நீங்கள் ஊருக்குப் போகும்போது டாக்டர் என்னிடம் சொல்லட்டும் என்று விட்டுவிட்டுப் போனீர்கள். போன வாரம் சொன்னார். பேச முயற்சி செய்யச் சொன்னார். காற்று மட்டும் வந்தது. மாதங்கள் போனால் கொஞ்சம் தேறலாமாம். பேசுகிற அளவுக்கு வரலாம், வராமலும் போகலாம். மைக்குக்கு முன்னால் நிற்கிற அளவுக்கு வராது என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

வெள்ளைத் திட்டுக்குப் பயந்தவளுக்கு இது கிடைத்தது.

இன்ஜினியர் ஒருநாள் வந்து பார்த்தார். அவரிடம் ஒரு காகிதத்தில் எழுதிக் கேட்டேன்: உங்களுக்குத் தெரியாமல் இருந்திருந்தால், அன்றைக்கு உள்ளேயே, டேக் நடக்கும்போதே எனக்கு மூச்சு அடைத்திருந்தால்? அவர் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

உங்களை மன்னிக்கிறேனா என்று இன்னும் தெரியவில்லை. என் கடிதத்தைக் கொடுத்தீர்கள். அதனால் இருக்கிறேன். இரண்டும் உண்மைதான், இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும். ஆனால் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. நேற்று பால்காரர் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் உள்ளேயிருந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். இனி மூச்சு அடைத்தாலும் யாரையும் கூப்பிட முடியாது. வேளை தவறாமல் இழுக்கிறேன், கொப்பளிக்கிறேன். நுரையீரல் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று மட்டும் இந்த டாக்டர் வாக்குக் கொடுக்க மறுக்கிறார். மருந்தை விடாமல் இருந்தால் இதற்கு மேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.

சனிக்கிழமை காலை ரயிலில் அங்கே வருகிறேன். ஒரு பெட்டிதான். எவ்வளவு நாள் என்று இப்போது கேட்காதீர்கள்.

பிளாட்பாரத்தில் கூட்டமாக இருக்கும். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு தேடாதீர்கள், இதோ இருக்கிறேன் என்று சொல்ல என்னால் முடியாது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு கையை மேலே தூக்கி வையுங்கள். நான் வந்து தொடுகிற வரைக்கும் இறக்க வேண்டாம்.

ரேடியோ